பொங்கலுக்குச் சிறுகிழங்கு வேண்டுமானால் ஆனியில் தொடங்குங்கள்

சிறுகிழங்கு பயிரிட நினைப்பவர்கள் நாள்காட்டியைத் தையிலிருந்து பின்னோக்கிப் புரட்ட வேண்டும். பொங்கலன்று அடுப்பில் கிழங்கு வேக வேண்டுமென்றால் மார்கழிக் கடைசியில் தோண்ட வேண்டும். அதற்கு ஐந்து மாதம் முன்னால், ஆடியில், கொடி நடவாகியிருக்க வேண்டும். நடுவதற்குக் கொடி வேண்டுமென்றால் ஆனி பிறக்கும்போதே விதைக்கிழங்கு நாற்றங்காலுக்குள் போயிருக்க வேண்டும். தென்காசி மாவட்டத்துக் கடையம் வட்டாரத்தில் எங்கள் வயலிலும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுப்பாத்தியிலும் நான் இந்தக் கணக்கில்தான் பயிர் செய்கிறேன். என் மாமியார் செய்ததும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் மற்ற வேலைகளெல்லாம் தானாகவே புரியும். சிறுகிழங்குச் செடி பகல் குறையும் காலத்தில்தான் கிழங்கு வைக்கும். பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் கொடியும் இலையுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும். புரட்டாசி கழிந்து பகல் இரவைவிடச் சுருங்கியதும் இலையில் சேர்ந்ததையெல்லாம் மண்ணுக்குள் இறக்கும். நம் தென்கோடியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான். நமக்குத் தெரியாத அந்தச் சிறு மாற்றம் செடிக்குத் தெரிகிறது. ஆகவே ஐப்பசிக்குள் எவ்வளவு கொடி வளர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் கிழங்கு. புரட்டாசியில் நட்டாலும் விளையும். ஆனால் செடி கையளவு இருக்கும்போதே கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும், எண்ணிக்கையும் பருமனும் குறைந்துபோகும், பொங்கலுக்கும் வந்து சேராது.

ஆண்டு முழுவதும் பயிரிட ஏற்றதாக, பகல் நீளத்தைப் பார்க்காமல் கிழங்கு வைக்கிற 'சுபலா' என்ற ரகத்தைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கியிருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் 'நிதி', திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஸ்ரீ தரா', நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ 1' ஆகியவையும் உண்டு. நான் வைத்திருப்பது எங்கள் ஊரில் தலைமுறையாகக் கைமாறி வருகிற நாட்டுக்கிழங்கு. தோல் கறுப்பாக, சதை வெள்ளையாக, வாசனை தூக்கலாக இருக்கும். முதல்முறை பயிரிடுகிறவர்கள் எந்த ரகத்தில் தொடங்கினாலும் சரி. பூச்சியும் முடிச்சும் இல்லாத விதையாக இருப்பதுதான் முக்கியம்.

விதைக்கிழங்கும் நாற்றங்காலும்

தை மாதம் கடைகளில் சிறுகிழங்கு குவிந்திருக்கும்போதே விதைக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். வைகாசியில் தேடினால் கிடைப்பது அரிது. பெரிய கிழங்காகப் பொறுக்க வேண்டியதில்லை. பெரியதைக் குழம்புக்குப் போடுங்கள். 15 கிராம் அளவில், உருண்டையாக, வெட்டுக்காயம் இல்லாமல், மேல்தோல் வழவழப்பாக இருப்பவைதான் விதைக்கு உரியவை. தோலில் கொப்புளம்போலப் புடைப்பு இருந்தால் எவ்வளவு திரட்சியான கிழங்கானாலும் ஒதுக்கிவிடுங்கள். அது வேரையும் கிழங்கையும் தாக்கும் நூற்புழு இருந்த இடம். அந்த ஒரு கிழங்கோடு நோயும் உங்கள் நிலத்துக்கு வந்துவிடும்.

எடுத்த கிழங்கைக் கழுவாமல், ஒட்டியிருக்கிற மண்ணோடு நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். பிறகு காய்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் கிழங்கை ஓர் அடுக்காக அடுக்கி, மறுபடியும் மணலால் மூடி வையுங்கள். மண்பானையோ மரப்பெட்டியோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகிவிடும். மாதம் ஒருமுறை மணலைக் கிளறிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுத்துப் போட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் முளை எட்டிப் பார்க்கும், அது நல்லதே.

5 சென்ட் நிலத்துக்கு 3 முதல் 4 கிலோ விதைக்கிழங்கும் 100 சதுர அடி நாற்றங்காலும் போதும். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பாத்திதான் என்றால் ஒரு பிடி கிழங்கு தாராளம். நாற்றங்கால் மண்ணில் மட்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்து, அரை அடி இடைவெளியில் கிழங்கை ஊன்றி, விரற்கடை ஆழத்துக்கு மண் மூடுங்கள். ஆனியில் குற்றாலத்துச் சாரல் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதால் பெரும்பாலும் தண்ணீர்க் கவலை இல்லை. சாரல் பொய்த்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூவாளியால் தெளிக்கிறேன்.

முளைத்து மூன்று வாரத்தில் கொடி பிடித்துக் கிளம்பிவிடும். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். துளசிக் குடும்பத்துச் செடி இது. வீட்டில் வளர்க்கும் கற்பூரவல்லிக்கு நெருங்கிய உறவு. இலையும் அதேபோலச் சதைப்பற்றாக இருக்கும், கசக்கினால் மணக்கும். ஆப்பிரிக்காவில் தோன்றி இங்கே வந்து சேர்ந்த பயிர். கானா, புர்கினா பாசோ நாடுகளில் இன்றும் வளர்த்து உண்கிறார்கள். ஆனாலும் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் மகளுக்குக் கொடுக்கும் பொங்கல்படியில் இது இல்லாவிட்டால் படி நிறைந்ததாக யாரும் நினைப்பதில்லை.

நடவுக்கு வேண்டியது கொடியின் நுனி மட்டுமே. நுனியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிள்ளி எடுங்கள். மூன்று நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். அடித்தண்டு முற்றியிருக்கும், வேர்விடத் தாமதமாகும். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடித்து, பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் கிள்ளத் தயாராகிவிடும். இப்படி ஒரே நாற்றங்காலில் இரண்டு மூன்று முறை கொடி எடுக்கலாம்.

நிலம்: நூற்புழுவை முதலில் நினையுங்கள்

சிறுகிழங்கை அழிப்பது பூச்சியோ பூசணமோ அல்ல. பெரும்பாலும் வேர்முடிச்சு நூற்புழுதான். கண்ணுக்குத் தெரியாத புழு. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கும், கிழங்கின் தோல் சொறிபிடித்ததுபோல ஆகும், சேமித்து வைத்தால் அங்கிருந்தே அழுகத் தொடங்கும். மேலே கொடி பச்சையாகவே இருக்கும். அதனால் தோண்டும் நாள் வரை தெரியாமல் போகிறவர்கள் நிறைய. நட்ட பிறகு மருந்து தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடும் முன்பு நிலத்தைத் தேர்வதிலும் தயார் செய்வதிலும்தான் எல்லாம் இருக்கிறது.

சென்ற ஆண்டு சிறுகிழங்கு போட்ட இடத்தில் இந்த ஆண்டு போடக் கூடாது. கத்தரி, தக்காளி, வெண்டை இருந்த பாத்தியும் வேண்டாம். அந்தச் செடிகளின் வேரில் இதே புழு பெருகும். பிசானம் நெல் அறுத்த வயல் மிக நல்லது. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற மண்ணில் இந்தப் புழு தாக்குப்பிடிக்காது. நெல் அறுத்ததும் பங்குனி, சித்திரை வெயிலில் கோடை உழவு செய்து, கட்டியாகப் புரட்டிக் காயப்போடுகிறோம். வீட்டுப் பாத்தி என்றால் மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, வெயிலில் கிடக்க விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் புரட்டுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சீனிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளியில் 'ஸ்ரீ பத்ரா' என்று ஒரு ரகம் உண்டு. அதுவும் ஸ்ரீகாரியம் நிறுவனம் தந்ததுதான். நூற்புழு அதன் வேருக்குள் நுழையும், ஆனால் உள்ளே வளர்ந்து பெருக முடியாமல் செத்துப்போகும். சிறுகிழங்குக்கு முந்தைய பருவத்தில் அதைப் பயிரிடச் சொல்லிக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மூன்று மாதப் பயிர். மாசியில் நட்டால் வைகாசியில் தோண்டிவிடலாம், ஆடிக்கு நிலம் காலியாகவும் சுத்தமாகவும் இருக்கும். உண்ண ஒரு கிழங்கு கிடைக்கிறது, அடுத்த கிழங்குக்குக் காவலும் கிடைக்கிறது. அந்தக் கொடி கிடைக்காதவர்கள் கோடையில் கேந்திப்பூ என்கிற செண்டுமல்லிச் செடியை நெருக்கமாக வளர்த்து, பூத்ததும் மடக்கி உழலாம். நடவுக்கு முன் வேப்பம் பிண்ணாக்கை இடித்துப் பாத்தியில் கலப்பதும் வழக்கம்.

மண் செவலாகவோ மணல் கலந்ததாகவோ இருந்தால் கிழங்கு உருண்டு திரளும். களிமண்ணில் கோணல்மாணலாகக் காய்த்து, தோண்டும்போது பாதி உடையும். கரிசல்காரர்கள் வயலை விட்டுவிட்டு மேட்டுப்பாத்தி கட்டி, ஆற்று மணலும் தொழு உரமும் கலந்து முயலலாம்.

சென்ட்டுக்கு 40 கிலோ மட்கிய தொழு உரம் அடியில் போடுகிறேன். பச்சைச் சாணத்தையும் புதிய கோழி எருவையும் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் பார்க்கிறவர்கள் மெச்சும்படி கொடி படரும், கீழே கிழங்கு இருக்காது. இந்தப் பயிருக்கு அதிகம் தேவை சாம்பல்சத்து. கேரளப் பல்கலைக்கழகத்தின் உரக் கணக்கே ஹெக்டேருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 60, சாம்பல்சத்து 100 கிலோ என்றுதான் இருக்கிறது. மணிச்சத்து முழுவதையும் மற்ற இரண்டில் பாதியையும் அடியுரமாக இட்டு, மீதியை 45ஆம் நாள் மண் அணைக்கும்போது இடச் சொல்கிறது. வீட்டுப் பாத்திக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தொழு உரத்தோடு விறகு அடுப்புச் சாம்பலை அடியில் ஒருமுறையும் மண் அணைக்கும்போது ஒருமுறையும் தூவினாலே செடி அதன் பலனைக் காட்டும்.

நடவு

மண்ணை நீள வரப்பாக உயர்த்தி, பார் கட்டித்தான் நட வேண்டும். சமதளத்தில் நட்டால் ஐப்பசி மழைக்கு வேர் மூச்சுத் திணறிவிடும். பாருக்குப் பார் ஓர் அடி, கொடிக்குக் கொடி அரை அடி. மண் அணைக்க வசதியாக இருக்கட்டும் என்று நான் பாருக்கு இடையே இன்னும் கொஞ்சம் கூட்டி ஒன்றரை அடி விடுகிறேன். கொடியைச் செங்குத்தாகக் குத்துவதைவிட, பாரின் மேல் படுக்க வைத்து 4, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடி, நுனியை மட்டும் வெளியே விடுவதுதான் என் பழக்கம். மண்ணுக்குள் மூன்று கணு கிடந்தால் மூன்று இடத்தில் வேர் பிடிக்கும். இரண்டு முறையும் வழக்கத்தில் இருப்பவைதான்.

மாலையில் நடுங்கள், மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. கிள்ளிய கொடியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து அன்றைக்கே நட்டு முடித்துவிடுங்கள். முதல் வாரம் மண் ஈரம் காயக் கூடாது. வேர் பிடித்த பிறகு, மழை இல்லாவிட்டால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் போதும். ஓரத்துத் தெருவிளக்கு இரவெல்லாம் படுகிற இடத்தை நான் தவிர்க்கிறேன். இருட்டின் நீளத்தைக் கணக்கு வைத்திருக்கிற பயிருக்கு இரவு இரவாகவே இருக்கட்டும்.

மண் அணைப்பதுதான் உயிர்

சிறுகிழங்கில் பாதி விளைச்சல் இந்த வேலையில்தான் இருக்கிறது. கிழங்கு, செடியின் அடியில் கொத்தாகவும் மண்ணுக்குள் கிடக்கும் கணுக்களிலும் வைக்கிறது. மண் தொடாத கணுவில் கிழங்கு இல்லை. மண்ணை லேசாகத் தொட்டுக்கொண்டு மேலாகக் கிடக்கும் கணுவில் சுண்டைக்காய் அளவில் ஏதோ வைத்து வெயிலில் பச்சையாகிப்போகும். ஆகவே எத்தனை கணுவை நன்றாக மூடுகிறோமோ அத்தனையும் ஆதாயம்.

நட்ட மூன்று நான்கு வாரத்தில் முதல் களை. களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டி எடுத்து, அந்த மண்ணையே தூரில் சேர்த்துவிடுங்கள். 45ஆம் நாள் பெரிய அணைப்பு. அதற்குள் கொடி பாரிலிருந்து இறங்கி வாய்க்கால் பக்கம் ஓடத் தொடங்கியிருக்கும். முதலில் களையைச் சுத்தமாக எடுங்கள். பிறகு கொடிகளை இழுக்காமல், கையால் பிரித்து இரண்டு பக்கமும் பரப்புங்கள். வாய்க்கால் மண்ணை அள்ளி, அடிக்கணுக்கள் எல்லாம் மறையும்படி தூரைச் சுற்றிப் போடுங்கள். நுனியில் நான்கைந்து இலை வெளியே நின்றால் போதும். 'இவ்வளவு இலையை மூடுவதா' என்று புதிதாகச் செய்கிறவர்கள் கை கூசும். கூச வேண்டாம், ஒரு வாரத்தில் நுனி மறுபடியும் எழுந்துவிடும். அணைத்த மண்ணை மிதித்து இறுக்காதீர்கள். பொலபொலவென்று இருந்தால்தான் கிழங்கு பருக்கும்.

ஆடியில் நட்டவர்களுக்கு இந்தப் பெரிய அணைப்பு புரட்டாசியில் வரும். மழை கரைத்த மண்ணை ஐப்பசி முதல் வாரத்துக்குள் ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு பாத்திக்குள் கொத்தி, களைக்கொத்தி எதுவும் இறங்கக் கூடாது. உள்ளே கிழங்கு ஊசிமுனையாக வைத்திருக்கும், ஒரு கொத்தில் ஒரு கொத்தே போய்விடும். எழும்பும் களையைக் கையால் மட்டும் பிடுங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை இறங்கும்போது கவனம் முழுதும் வாய்க்காலில் இருக்க வேண்டும். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேங்கினால் அழுகல் தொடங்கிவிடும். மழை விட்டதும் மண்வெட்டியோடு போய் வடிகாலைத் திறந்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு மற்ற வேலை. இந்த மாதங்களில் சில கொடிகளில் ஊதா நிறத்தில் கதிராகப் பூ வரும். பூவைப் பார்த்துப் பதற வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் புழுக்களைக் காலையில் சுருளோடு நசுக்கிவிடுகிறேன். வயல் பெரிதாக இருந்து புழுவும் அதிகமானால் வேப்பங்கொட்டைக் கரைசல். மலையடிவாரத்து வயல்களில் காட்டுப்பன்றிதான் பெரிய எதிரி. வேலி இல்லாமல் அங்கே இந்தப் பயிரை நட்டுப் பயனில்லை.

மாடியில் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஒன்றரை அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள பையில் செம்மண், மணல், மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பாதி மட்டும் நிரப்பி மூன்று கொடி நடுங்கள். கொடி வளர வளர மேலே மண்ணைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வயலில் அணைப்பதன் வேலையை அது செய்துவிடும். அடியில் துளை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு வெயில் வேண்டும். நிழலில் வெறும் இலைதான்.

தோண்டுவது

மார்கழிப் பனியில் இலை மஞ்சளாகி, கொடி வாடிக் காயத் தொடங்கும். அதுதான் அறிகுறி. ஒரு தூரைக் கையால் பறித்துப் பாருங்கள்: தோலை நகத்தால் சுரண்டினால் வழன்று வந்தால் இன்னும் இளசு, பத்து நாள் பொறுக்கலாம். தோல் கெட்டியாக ஒட்டியிருந்தால் தோண்டலாம். கொடி முழுவதும் காய்ந்த பிறகும் ஈர மண்ணில் விட்டுவைத்தால் அழுகலும் எலியும் பங்குக்கு வந்துவிடும்.

முதலில் கொடியை அறுத்து அகற்றிவிட்டு, தூரிலிருந்து ஓர் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு கெல்லிப் புரட்டுங்கள். பிறகு கையால் உதிர்த்துப் பொறுக்க வேண்டும். அவசரப்படாதீர்கள், நெல்லிக்காய் அளவுக் கிழங்குகள் மண்ணின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். ஒருவர் பொறுக்கிய இடத்தில் பின்னால் இன்னொருவர் பொறுக்கினால் இன்னும் ஒரு கொட்டான் நிறையும். நல்ல மண்ணில், நேரத்தில் நட்டு, ஒழுங்காக அணைத்திருந்தால் சென்ட்டுக்கு 50 கிலோவைத் தொடலாம். வேரில் முடிச்சு தெரிந்தால் அந்தத் தூரின் வேரைக் குப்பைக்குழியில் போடாமல் காயவைத்து எரித்துவிடுங்கள். இந்தப் பாத்தியில் அடுத்து நெல்லோ எள்ளோ வரட்டும்.

கழுவாத கிழங்கு, காற்றோட்டமான நிழலில் பரப்பி வைத்தால் சில வாரங்கள் தாங்கும். கழுவினால் அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும்.

தோல் எடுப்பதற்கு அஞ்சியே பலர் இதை வாங்குவதில்லை. அதற்கு அரிவாள்மணை வேண்டாம். கிழங்கை அரைமணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, முரட்டுச் சணல் சாக்குத் துண்டில் கட்டி, துவைகல்லில் போட்டுத் தேய்த்துப் புரட்டுங்கள். மண்ணும் தோலில் பெரும்பகுதியும் சாக்கோடு போய்விடும். மீதியைக் கத்தியால் சுரண்டி, கறுக்காமல் இருக்க உடனே தண்ணீரில் போடுங்கள். விரல் கறுத்தால் புளியைத் தேய்த்துக் கழுவுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைக்கும்போது பதம் தவற விடாதீர்கள். குத்தினால் இறங்க வேண்டும், உடையக் கூடாது. பிறகு சின்ன வெங்காயமும் மிளகாய் வற்றலும் தாளித்துப் பிரட்டி, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். மசாலா எதுவும் சேர்க்காதீர்கள், கிழங்கின் மணமே போதும்.